கடனுக்கும் ஒரு விலை

பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பொன் வளையல் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதன் மதிப்பு யாது என்று கேட்டால், வாங்கிய நாளில் கொடுத்த விலையை யாரும் சொல்லமாட்டார். எடை எவ்வளவு, இன்று பொன் என்ன விலை விற்கிறது என்றே பார்ப்பர். அது எளிய கணக்கு. அதே பெட்டியில் ஒரு கடன் பத்திரமும் இருக்கிறது என்று கொள்வோம். 'மூன்று ஆண்டு முடிவில் 1,000 ரூபாய் தருவோம். அதுவரை ஆண்டுதோறும் 80 ரூபாய் வட்டி தருவோம்' என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்த தாள் அது. அதன் இன்றைய மதிப்பு என்ன? 1,000 ரூபாய்தானே என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். அவ்விடை பெரும்பாலும் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதையும், சரியான விடையைக் கணக்கர்கள் எவ்வாறு காண்கிறார்கள் என்பதையும், அக்கணக்கு தடம் புரண்டபோது விளைந்தவற்றையும் சிறிது ஆராய்வோம்.

அந்தப் பத்திரம் நூற்றுக்கு எட்டு வட்டி தருகிறது. இன்று அதே தரமுள்ள கம்பெனிகள் புதிதாக வெளியிடும் பத்திரங்கள் நூற்றுக்குப் பத்து வட்டி தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து கிடைக்கும்போது எட்டுத் தரும் பத்திரத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்? குறைத்துத்தான் கேட்பார். எவ்வளவு குறைப்பார் என்பதையும் கணக்கிடலாம். ஓராண்டு கழித்து வரும் 80 ரூபாய், பத்து வீத வட்டியில் இன்று ஏறத்தாழ 73 ரூபாய்க்குச் சமம். இரண்டாம் ஆண்டு வரும் 80 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 66 ரூபாய். மூன்றாம் ஆண்டு வட்டியும் முதலுமாக வரும் 1,080 ரூபாய்க்கு 811 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 950 ரூபாய் ஆகிறது. தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கடன் வாங்கியவரும் வாக்குத் தவறவில்லை. ஆயினும் 50 ரூபாய் குறைந்துவிட்டது. ஊரில் வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். வட்டி இறங்கினால் விலை ஏறும். கடனைப் பற்றிய கல்வியில் முதற்பாடம் இதுவே.

இங்கு வட்டி என்றது எந்த வட்டி? அரசாங்கத்தின் கடன் பத்திரத்துக்கு உரிய வட்டியை அடிப்படையாகக் கொண்டு, கம்பெனி கடனைத் தீர்க்காமற்போகும் அபாயத்துக்கு ஈடாக அதன்மேல் ஒரு வீதத்தைக் கூட்டுவர். கம்பெனியின் நாணயம் தளர்ந்தால் அக்கூடுதல் வீதம் ஏறும். பத்திரத்தின் மதிப்பும் அந்த அளவுக்கு இறங்கும்.

இவ்வாறு காணும் விலைக்கு 'நியாய மதிப்பு' என்று பெயர். அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டும், பன்னாட்டுக் கணக்கியல் விதிகளில் 2011-ஆம் ஆண்டும் இதற்குத் திட்டமான இலக்கணம் வகுத்தனர். இந்தியாவிலும் 2016 முதல் பெரிய கம்பெனிகள் இவ்விலக்கணத்தைப் பின்பற்றி வருகின்றன. அதன் சாரம் இது: கணக்கெடுக்கும் நாளில், சந்தையை அறிந்த இருவர், நெருக்கடி ஏதுமின்றி முறையாகக் கைமாற்றினால், உடைமைக்கு என்ன விலை கிடைக்குமோ, அல்லது கடன் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க என்ன விலை கொடுக்க நேருமோ, அதுவே நியாய மதிப்பு. வெள்ளத்தில் வீடிழந்தவன் அவசரத்துக்கு விற்ற விலை நியாய மதிப்பு ஆகாது. உடையவன் தன் மனத்தில் வைத்திருக்கும் ஆசை விலையும் ஆகாது.

இனி, 'டெரிவேட்டிவ்' என்று சந்தையில் வழங்கும் ஒப்பந்தங்களைப் பார்ப்போம். வேறொரு பொருளின் விலையைச் சார்ந்து தம் மதிப்பைப் பெறுவதால், இவற்றைச் சார்பு ஒப்பந்தங்கள் என்று சொல்லலாம். ஓர் ஏற்றுமதியாளர் ஆறு மாதம் கழித்துத் தமக்கு வரவிருக்கும் 1,00,000 டாலரை, டாலர் ஒன்றுக்கு 84 ரூபாய் வீதம் விற்பதாக ஒரு வங்கியோடு இன்றே ஒப்பந்தம் செய்துகொள்கிறார் என்க. சந்தை வீதத்திலேயே செய்ததால், கையெழுத்திட்ட நாளில் அவ்வொப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழச் சுழியே. மூன்று மாதம் சென்றபின், அதே தவணை நாளுக்கான சந்தை வீதம் 86 ரூபாய் ஆகிவிட்டது. டாலருக்கு 2 ரூபாய் வீதம் ஏற்றுமதியாளருக்கு 2,00,000 ரூபாய் குறைவு. அது மூன்று மாதம் கழித்து வருவதாதலால், ஆண்டுக்கு ஆறு வீத வட்டியில் இன்று ஏறத்தாழ 1,97,000 ரூபாய். அத்தொகையை அவர் தம் கணக்கில் பொறுப்பாகக் காட்டவேண்டும். ஒரு காசும் கைமாறவில்லை. எனினும் கணக்கு ஏறிவிட்டது.

இக்கணக்குகளிலே மாணவர்களுக்கு வியப்பூட்டும் ஒன்றும் உண்டு. கம்பெனி தான் வாங்கிய கடனையே நியாய மதிப்பில் எழுதுகிறது என்று கொள்வோம். அதன் நாணயம் கெட்டால், அக்கடனின் சந்தை மதிப்பு இறங்கும். பொறுப்புக் குறைந்ததால் இலாபம் வந்ததாகக் கணக்குக் காட்டும்! 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை ஒட்டிச் சில பெரிய வங்கிகள் இப்படி இலாபம் காட்டியபோது உலகம் திகைத்தது. தளர்ச்சியே இலாபமாகத் தோன்றுவது முறையன்று என்று கருதி, அவ்வாறு நேரும் ஏற்ற இறக்கம் பொதுவாக இலாப நட்டக் கணக்கில் சேராமல் தனியே நிற்குமாறு பன்னாட்டு விதியை அமைத்தனர்.

எல்லா மதிப்பும் ஒரே உறுதியுடையன அல்ல. ஆதலால் விதிகள் அவற்றை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. அதே பொருள் நாள்தோறும் சந்தையில் விற்க, அவ்விலையை அப்படியே எடுத்தெழுதுவது முதற்படி. அதே பொருளுக்கு நேரான விலை இல்லாவிடினும், வட்டி வீதம், நாணய மாற்று வீதம், ஒத்த பத்திரத்தின் விலை போன்று எவரும் பார்க்கக்கூடிய ஆதாரங்களைக் கொண்டு கணக்கிடுவது இரண்டாம் படி. நாம் கண்ட பத்திரமும் டாலர் ஒப்பந்தமும் பெரும்பாலும் இப்படியைச் சேர்ந்தவை. சந்தையில் காணமுடியாதவற்றைக் கம்பெனியே மதிப்பிட்டுக் கணக்கில் இடுவது மூன்றாம் படி. இருபது ஆண்டுக்குப் பின் மின்சாரம் என்ன விலை விற்கும் என்பதை யார் அறிவார்? பல ஆதாரங்கள் சேர்ந்த கணக்கில் முக்கியமான ஒன்று ஊகமாயின், முழு மதிப்பும் மூன்றாம் படியிலேயே நிற்கும். ஒரு துளி மோர் குடம் பாலையும் தயிராக்குவது போல.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு நுணுக்கமன்று. இரண்டு வரலாறுகளைக் கேளுங்கள். அமெரிக்காவில் என்ரான் என்னும் எரிபொருள் வாணிகக் கம்பெனி, தன் எரிவாயு ஒப்பந்தங்களைச் சந்தை மதிப்பில் எழுத 1992-ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. நெடுங்கால ஒப்பந்தங்கள் பலவற்றுக்குச் சந்தை விலை இல்லை. கம்பெனியே எதிர்காலத்தை ஊகித்து, பல ஆண்டுகளில் வரக்கூடிய இலாபத்தை முதலாண்டிலேயே வரவு வைத்தது. இலாபம் ஏட்டில் பெருகியது. கையில் பணம் அவ்வளவாக வரவில்லை. வேறு முறைகேடுகளும் சேர, 2001 டிசம்பரில் என்ரான் திவாலாயிற்று. பல்லாயிரவர் வேலையையும் சேமிப்பையும் இழந்தனர். ஊகம் அங்கே விலையின் இருக்கையில் அமர்ந்திருந்தது.

இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. கலிபோர்னியாவிலிருந்த சிலிக்கான் வேலி வங்கி, வட்டி மிகத் தாழ்ந்திருந்த காலத்தில் தன்னிடம் குவிந்த பணத்தை நெடுங்காலக் கடன் பத்திரங்களில் இட்டது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை விரைந்து உயர்த்தியது. நாம் கண்ட முதற்பாடம் தன் வேலையைச் செய்தது. பத்திரங்களின் விலை இறங்கியது. முதிர்வு வரை வைத்திருப்போம் என்று சொல்லும் பத்திரங்களை வாங்கிய விலையை ஒட்டியே எழுதலாம் என்பது அங்குள்ள விதி. ஆதலால், அவ்வாண்டு முடிவில் ஏறத்தாழ 9,100 கோடி டாலர் என்று வங்கி எழுதிய பத்திரங்களின் நியாய மதிப்பு ஏறத்தாழ 7,600 கோடியே. வேறுபாடு 1,500 கோடி. வங்கியின் சொந்த மூலதனமோ ஏறத்தாழ 1,600 கோடி. இது மறைக்கப்படவில்லை, வெளியிட்ட கணக்கிலேயே இருந்தது. ஆனால் இலாப நட்டத்தில் அன்று, பின்னிணைத்த குறிப்பில் இருந்தது. 2023 மார்ச் 8-ஆம் நாள், வேறு பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்று வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வைப்புப் பணம் வெளியேறியது. அதற்கு மறுநாள் வங்கி மூடப்பட்டது. 'முதிர்வு வரை வைத்திருப்போம்' என்பது, பணம் போட்டவர்கள் பொறுத்திருக்கும் வரையில்தான் செல்லும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ?

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில், கண்ணால் காணாத விலையை நம்பிக் கெட்டனர். மற்றொன்றில், கண்ணெதிரே இருந்த விலையைக் காணாமல் கெட்டனர். ஆகவே, சந்தை மதிப்பே என்றும் நன்று என்றோ, வாங்கிய விலையே என்றும் நன்று என்றோ ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற இயலாது. எண் எத்தனை என்று கேட்பதோடு, அது எவ்வாறு அறியப்பட்டது என்றும் கேட்கவேண்டும்.

வணிகவியல் கற்கும் மாணவர்கள் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையிலெடுத்தால், இலாபத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடலாகாது. பின்னால் சிறிய எழுத்தில் அச்சிட்ட குறிப்புகளுக்குச் செல்லுங்கள். மூன்று படிகளையும் காட்டும் பட்டியல் அங்கே இருக்கும். மூன்றாம் படியில் எவ்வளவு, எந்த ஊகத்தின்மேல், அவ்வூகம் சிறிது மாறினால் மதிப்பு எவ்வளவு மாறும் என்று பாருங்கள். வாங்கிய விலையில் எழுதிய கடன்களுக்கு நியாய மதிப்பு என்ன என்பதையும் அக்குறிப்புகளிலே தேடுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், ஊகித்ததை ஊகித்ததென்றும் பிரித்துச் சொல்வதே கணக்கரின் கடமை. அதைப் பிரித்துப் படிப்பது நம் கடமை.