கைக்குத் தெரிய வேண்டும்

 

"வீட்டிலேயே விமானம் செய்யுறியாமே?" என்று ஊரில் கேட்கிறார்கள. விமானம் இல்லைங்க, விமானியின் முன்னால் இருக்குமே, அந்தப் பலகை மட்டும்தான். கம்ப்யூட்டரில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டரை மவுஸால் இயக்காமல், நிஜ சுவிட்ச், நிஜ லீவர் வைத்து இயக்குவதற்காக நான் செய்தது. அதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டுக் கொண்டார்கள்.

இது பணக்கார விளையாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். சிமுலேட்டர் பிறந்ததே பட்டறையில்தான். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தன் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் இருந்த துருத்தி, காற்று வால்வு இவற்றைக் கொண்டே 1929-இல் தன் பயிற்சி இயந்திரத்தைச் செய்து முடித்தார். 1934-இல் அந்நாட்டு ராணுவம் அதை வாங்கியது. அவர் துருத்தியில் செய்ததை நாம் டயோடில் செய்கிறோம், அவ்வளவுதான்.

என் பலகை 3 மி.மீ. அலுமினியத் தகடு. துளைகளைத் தேனியில் ஒரு லேத் பட்டறையில் போட்டுக் கொண்டேன். ஒயர், சுவிட்ச் எல்லாம் எலக்ட்ரிகல் கடையிலும், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலும் கிடைத்தன. மூளையாக இருப்பது ஆர்டுயினோ லியனார்டோ என்ற சின்ன போர்டு. அதிலுள்ள சிப் கம்ப்யூட்டரோடு யு.எஸ்.பி. வழியாக நேரடியாகவே பேசும். கம்ப்யூட்டர் அதை ஒரு ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக் கொள்ளும்.

25 சுவிட்சுக்கு 25 பின் தேவையில்லை. 5 வரிசை, 5 நிரலாகக் கட்டினால் 10 பின் போதும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளில் சுவிட்ச் ஆனாக இருந்தால், கரண்ட் சுற்றி வந்து, நான்காவது மூலையும் ஆன் என்று போர்டை நம்ப வைத்துவிடும். கீபோர்டு என்றால் விரலை எடுத்ததும் சரியாகிவிடும். விமானத்தில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், விளக்கு எல்லாம் பயணம் முழுக்க ஆனாகவே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு 1என்4148 டயோடு போட வேண்டும், எல்லாம் ஒரே திசையில். விலை சில்லறைக் காசுதான்.

அடுத்து, சுவிட்சைத் தட்டியதும் உள்ளே இருக்கும் தகடு சில மில்லி செகண்ட் துள்ளும். ஒரு தட்டலைப் பல தட்டலாக எண்ணிவிடாமல், 20 மில்லி செகண்ட் பொறுத்துப் பார்க்கும்படி புரோகிராம் எழுத வேண்டும். சிமுலேட்டர் திறந்ததும் எல்லா சுவிட்சின் நிலையையும் ஒருமுறை அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் பலகையில் ஆன் இருக்கும், திரையில் ஆஃப் இருக்கும்.

ஒயரிங் இவ்வளவுதான். லீவரின் தலைக்கு என்ன வடிவம் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, சில விமானிகள் இறக்கையின் ஃப்ளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிறு தரையில் இடிக்க உட்கார்ந்துவிட்டது. பழி விமானி மேல். 1943-இல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற மனோதத்துவ அறிஞர் காக்பிட்டையே ஆராய்ந்தார். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, அதுவும் பக்கத்துப் பக்கத்தில்! சக்கரத்துக்கு உரியதில் சின்னச் சக்கரம், ஃப்ளாப்புக்கு உரியதில் ஆப்பு வடிவம் என்று வைத்தார். குழப்பம் தீர்ந்தது. பயணிகள் விமானங்களில் இந்த வடிவ வேறுபாடு இன்றைக்கும் விதியாகவே இருக்கிறது.

இதன் அருமையை நம்ம ஊரிலேயே பார்க்கலாம். சிமுலேட்டரில் மதுரையிலிருந்து கிளம்பி மேற்கே வந்தால் ஆண்டிபட்டி, வைகை அணை, தேனி. அங்கிருந்து தென்மேற்கே திரும்பினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். இடது பக்கம் மேகமலை, வலது பக்கம் கேரள எல்லை மலை. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் பள்ளத்தாக்கு மூடிக் கொள்ளும், எதிரே குமுளி மலை நிற்கும். தாழப் பறக்கிறவர் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு படி ஃப்ளாப் இறக்கி, வளைந்து திரும்பியாக வேண்டும். அந்த நேரம் கண் மலை மேல் இருக்க வேண்டும். மவுஸ் பிடித்தவர் ஃப்ளாப் எங்கே என்று திரையில் தேடிக் கொண்டிருப்பார். பலகை வைத்திருப்பவருக்குக் கையே கண்டுபிடித்துக் கொடுக்கும்.

வீட்டுப் பலகையில் பறந்த மணி நேரம் எந்த விமானியின் லைசென்சுக்கும் கணக்கில் வராது. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கிடைத்த பாடம் வேறு.

தம்பி தங்கைகளே, நீங்கள் எல்லாரும் விமானம் செய்யப் போவதில்லை. ஆனால் யாரோ ஒருவர் இருட்டில் தொடப் போகிற ஒரு சுவிட்சை நிச்சயம் அமைப்பீர்கள். ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும், வாழைக்கும் திராட்சைக்கும் தண்ணீர் பாய்ச்ச, ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுகிறவர் நம் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். ஓட்டும் பட்டன் எது, நிறுத்தும் பட்டன் எது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல இருட்டில் முடியுமா? ஓட்டும் பட்டன் விளிம்புக்குள் அடங்கியும், நிறுத்தும் பட்டன் வெளியே நீட்டியும் இருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். பழுது பார்க்கும்போது இரண்டுக்கும் ஒரே மாதிரி பட்டன் மாட்டிவிட்டால், பி-17-இன் கதைதான் நம் தோட்டத்திலும். ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெட்டியைப் பாருங்கள். இந்த வருஷ புராஜெக்டுக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பலகை எலக்ட்ரிகல் லேபில் இருக்கும். கண்ணை மூடிக் கொண்டு தொட்டுப் பாருங்கள். எது சக்கரம், எது ஃப்ளாப் என்று சொல்ல முடியாவிட்டால் தயங்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.