தையல் பாதி, தேய்ப்பு பாதி

(மாரமங்கலத்தில் மகளிர் குழு உறுப்பினர்களுக்கு நடந்த தையல் பயிற்சியின் நிறைவு நாளில் பேசியது)



காப்பிப் பழம் பறிக்கிற நேரத்திலும் இத்தனை பேர் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். இத்தனை நாளா தையல் மெஷினைப் பத்தியே படிச்சீங்க. நான் இன்னிக்குப் பேச வந்தது சின்ன தேய்ப்புப் பெட்டியைப் பத்தி. "தேய்க்கிறதுல பேச என்னக்கா இருக்கு?" என்று ஒரு தங்கச்சி கேட்டாங்க. இருக்கும்மா. எங்க குழு காசைத் தொலைச்சுக் கத்துக்கிட்ட பாடம் அது.

நாங்க ஆரம்பிச்ச புதுசுல, துண்டுத் துணியை இணைச்சுத் தைக்கிற போர்வை 40 வேணும் என்று ஒரு கடையில் ஆர்டர் கிடைச்சது. உள்கடன் எடுத்துத் துணி வாங்கினோம். ராத்திரி பகலா தைச்சோம். கடைசியில், இரவல் வாங்கின பெரிய பெட்டியால் ஒரே ஒரு தடவை தேய்ச்சு, மடிச்சு அனுப்பிட்டோம். 23 போர்வை திரும்பி வந்துடுச்சு. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை, நடுவில் சுருக்கம். கடனை அடைக்க எட்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ளே நாலு பேர் குழுவே வேணாம் என்று விலகிட்டாங்க.

பிரிச்சுப் பார்த்தப்போதான் தப்பு தெரிஞ்சது. தையல் நேராத்தான் இருந்தது. ஆனா தையல் மடிப்பு படியவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வரிசையில் 20 சதுரம் என்றால் 19 தையல். ஒவ்வொரு மடிப்பிலும் 2 மில்லிமீட்டர் துணி ஒளிஞ்சுக்கிட்டா, மொத்தம் 38 மில்லிமீட்டர். ரெண்டு விரல் அகலம் காணாமப் போயிடும்! மொத்தமும் தைச்சு முடிச்ச பிறகு எவ்வளவு தேய்ச்சாலும் அது திரும்பி வராது.

அதனால், ஒரு தையல் போட்டதும் ஒரு தேய்ப்பு. அதுக்குத்தான் மெஷின் பக்கத்திலேயே சின்னப் பெட்டி வேணும். முதல்ல தைச்சபடியே வைச்சு ஒரு அழுத்து. பிறகு விரிச்சு, உள்பக்கத் துணி ரெண்டையும் கருத்த நிறத் துணி இருக்கிற பக்கம் மடக்கி இன்னொரு அழுத்து. வெளுத்த துணி வழியா மடிப்பு நிழல் தெரியாது. பெட்டியை வேட்டி தேய்க்கிற மாதிரி இழுக்காதீங்க. வைக்கணும், அழுத்தணும், தூக்கணும். கிராஸா வெட்டின துண்டை இழுத்தா, நீண்டுபோய்க் கோணிக்கும். சூடு ஆறின பிறகுதான் துண்டை நகர்த்தணும்.

எந்தப் பெட்டி வாங்கறது? மூக்கு கூரா இருக்கணும். காலர் முனை, ஜாக்கெட் கழுத்து, பாக்கெட் ஓரம் எல்லாம் எட்டணும். கைக்குக் கனக்கக் கூடாது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு அவசியம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. சேலத்துக்கு இறங்கிப் போய் வாங்கறவங்க கடையிலேயே செருகிச் சூடு ஏறுதா என்று பார்த்து, பில்லும் வாரண்டி அட்டையும் வாங்கிட்டு வாங்க. வெளிநாட்டிலிருந்து யாராவது குடுத்தா, பெட்டியில் எத்தனை வோல்ட் போட்டிருக்கு என்று படிங்க. 110 என்று மட்டும் இருந்தா நம்ம 230 வோல்ட்டில் கருகிடும். முழுப் போர்வையைக் கடைசியா தேய்க்க மட்டும் குழுவுக்குப் பொதுவா ஒரு பெரிய பெட்டி போதும்.

சூட்டுக்குப் புள்ளிக் கணக்கு இருக்கு. பெட்டியிலும் துணி லேபிளிலும் ஒரு புள்ளி இருந்தா சுமார் 110 டிகிரி வரை, நைலான் மாதிரித் துணிக்கு. ரெண்டு புள்ளி சுமார் 150, பாலியெஸ்டருக்கும் பட்டுக்கும். மூணு புள்ளி சுமார் 200, பருத்திக்கு. கிலோ கணக்கில் வாங்கற கட் பீஸில் எல்லாம் கலந்துதான் வரும். ஒரு ஓரத்தில் வைச்சுப் பார்த்துட்டுத் தேய்ங்க. ஜரிகை மேல் நேரா வைக்காதீங்க. மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுக்குங்க. உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு வைச்ச போர்வையை அதிகச் சூட்டில் அழுத்தினா பஞ்சு இறுகிப் பலகையாயிடும்.

இப்போ முக்கியமான விஷயம். நம்ம மலையில் பனியும் மழையும் ஜாஸ்தி, தரை ஈரமா இருக்கும். வெறுங்காலோட ஈரத் தரையில் நின்னு தேய்க்கவே கூடாது. காலுக்கு ரப்பர் செருப்பு, கீழே காய்ஞ்ச பலகை இருக்கட்டும். மூணு பின் உள்ள பிளக்தான் வேணும். அந்தப் பெரிய பின்தான் எர்த். பெட்டியில் கரண்ட் கசிஞ்சா உங்களைக் காப்பாத்தறது அதுதான். சுவரில் எர்த் வேலை செய்யுதா என்று வயர்மேனை வைச்சுப் பார்த்துடுங்க. கசிவு வந்தா தானே அணைகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டா இன்னும் நல்லது. ஒயர் உரிஞ்சிருந்தா டேப் சுத்தாம, ஒயரையே மாத்துங்க. எழுந்து போகும்போது பிளக்கைக் கழற்றிடுங்க. சின்னப் பெட்டி என்றாலும் குழந்தை கை பட்டா சூடு ஒண்ணுதான்.

கரண்ட் இல்லாதப்போ கரிப்பெட்டி போடறவங்க, பனிக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்காதீங்க. கரிப்புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளை மயக்கிக் கொன்னுடும். திறந்த திண்ணையில் வைச்சுத் தேய்ங்க.

பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கி இருக்கு. அங்கே லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமார் போட்ட பூத்தையலை மறுபடி கத்துக்கிட்டு, 2006-இல் 'போர்கை' என்ற கைவினைச் சங்கத்தைத் தொடங்கினாங்க. அவங்க மொழியில் அதுக்குப் பெருமை என்று அர்த்தம். மலைக்கிராமத்துப் பெண்கள் கையில் தைச்ச பொருள் இப்போ வெளியூர் வரை விலை போகுது. நம்மாலும் முடியும்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதியும் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்க: முதல் ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பெட்டி, ஒரு நல்ல எர்த். எங்க குழுவை விட்டுப் போன நாலு பேரில் ரெண்டு பேர் திரும்பி வந்துட்டாங்க. மத்த ரெண்டு பேரை இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வரக் கூடாது.