நிற்கும்போது எடை எங்கே இறங்குகிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் பிசியோதெரபிஸ்ட் பேசியதன் எழுத்து வடிவம்)

முடிந்தவர்கள் கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிடலாம், சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் செருப்போடே நில்லுங்கள். கீழே பார்க்காமல் சொல்லுங்கள்: உங்கள் எடை எந்தக் காலில் அதிகம் இருக்கிறது? குதிகாலிலா, முன்பாதத்திலா?

பலருக்கும் உடனே பதில் வராது. நிற்பதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. ஆனால் சும்மா நிற்கும்போதும் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. நம் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் இறங்குவதால், முன்னால் சாய்ந்துவிடாதபடி கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். எடை முக்கியமாக மூன்று இடங்களில் இறங்க வேண்டும்: குதிகால், கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி. முக்காலி மாதிரி. பாதம் உள்பக்கமாகச் சரிந்தால் முழங்காலும் உள்பக்கம் திரும்பும். ஹை ஹீல்ஸ் போட்டால் எடை முன்பாதத்துக்குப் போய்விடும். ஒரே காலில் சாய்ந்து நின்றால் இடுப்பு ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும்போது நம்மில் பலர் அப்படித்தான் நிற்கிறோம். ஒரு சின்ன மணையைப் போட்டு, கால்களை மாற்றி மாற்றி அதன் மேல் வைத்துப் பாருங்கள். முதுகுக்கு இதமாக இருக்கும். தட்டைப் பாதம் என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். வலி இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை.

இனி என் வீட்டுக் கதை. சென்ற வருடம் இரவில் கரண்ட் போனபோது என் அப்பா ஹாலில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. தரையில் ஈரம் இல்லை. கால் எதிலும் தடுக்கவும் இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே, நடக்கும்போது செருப்பு கழன்று போவது அவருக்குத் தெரியாமல் இருந்தது. ஒற்றைச் செருப்போடு லிஃப்டில் ஏறி வருவார். நாங்கள் கிண்டல் செய்வோம். இருபது வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கிறது. தினமும் அடுத்தவர் பாதத்தைப் பார்க்கும் நான், அவர் பாதத்தைப் பார்க்கவில்லை.

விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். பாதம் சரியாகச் சொல்லாதபோது கண் ஈடுகட்டும். அப்பாவுக்கு அதுவரை கண் உதவியது. இருட்டில் அதுவும் போயிற்று. குளியலறையில் முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போது பெரியவர்கள் தடுமாறுவதும் இதனால்தான்.

ஆகவே, நாளைக் காலை சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நின்று பாருங்கள். பிறகு அடுத்த கால். அப்படியே குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 முறை. கைப்பிடி இல்லாமல் முயல வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தைத் தினமும் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள், வருடம் ஒருமுறை டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வலிக்காது. படுக்கையிலிருந்து கழிவறை வரை, கரண்ட் போனாலும் எரியும் எமர்ஜென்ஸி விளக்கு ஒன்று இருக்கட்டும்.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மாலையில் பூங்காவில் அவரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், சிரித்துவிட்டு நகராதீர்கள். உட்கார வைத்து, அவர் பாதத்தை ஒருமுறை பாருங்கள்.