கையொப்பமும் இரகசியமும்

(உளுந்தூர்பேட்டையில் ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



நமது உளுந்தூர்பேட்டை, திருச்சிச் சாலையும் சேலம் சாலையும் பிரியும் ஊர். இங்கே எவர் கண்ணிலும் படாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வர இயலாது. வாசலில் ஓர் இளம்பெண் நின்றால், "யார் வீட்டுப் பெண்? உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிடுகிறோம். அக்கறையினால்தான் கேட்கிறோம். ஆயினும், அக்கேள்விக்கு அஞ்சியே மாதவிலக்குக் கோளாறைக்கூட மறைத்துத் துன்புறும் பெண்கள் உண்டு. மணமாகாது கருவுற்றவளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கருக்கலைப்புச் செய்ய, காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்கிறது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். காப்பாளர் என்றால் தகப்பனார் மட்டுமே எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பெண்ணைத் தம் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவர் காப்பாளர் என்றே அச்சட்டம் கூறுகிறது. தாயார் கையொப்பமிடலாம், வளர்க்கும் பாட்டியும் இடலாம். வீட்டு ஆடவரே குற்றவாளியாகிவிடும் கொடுமையும் நிகழ்வதால், இதனை நாம் சிறு விஷயமாகக் கருதலாகாது.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய செய்தியை டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் கலங்கி, இரவோடிரவாகப் பெண்ணை மருத்துவம் கல்லாதவரிடம் அழைத்துப் போகின்றனர். இரத்தப்போக்கில் உயிர் போய்விடுவதும் உண்டு. பெயர் வெளிப்படுமே என்ற அச்சந்தான் இதற்கெல்லாம் காரணம். அவ்வச்சத்துக்கு 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம் பரிகாரம் கூறியது. பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் அனுப்பும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிக்க வேண்டியதில்லை. சட்டம் அனுமதிக்காத எவரிடமும் அவள் பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாமென்று 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்கிறது.

தாமதம் மட்டும் கூடாது. இருபது வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். அதற்குமேல் இருபத்துநான்கு வாரம்வரை இருவர் கருத்து வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவர வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு நாளும் அருமையானது.

ஊர்க்கூட்டம் போட்டு, அந்தப் பையனுக்கே பெண்ணைக் கட்டிவைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை மானங்காக்கும் செயலென்று நாம் ஒப்பமாட்டோம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குழந்தைத் திருமணக் குற்றம்.

ஆகவே, இப்படியொரு செய்தி நம்மிடம் வந்தால் கூட்டத்தில் வைக்கவேண்டாம். நடவடிக்கைப் புத்தகத்தில் பெயர் எழுதவும் வேண்டாம். கிராம சுகாதார செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்வோம். குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் போலீசுக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசிக்கோ அறிவிப்போம். டீக்கடைக்கு அச்செய்தி போகவேண்டியதில்லை.