விளையாட்டுச் சாமான்களுக்கு வந்த விலை

'கலெக்டர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர்களாகிய நமக்கு மாவட்ட ஆட்சித் தலைவர்தான் நினைவுக்கு வருகிறார். அரிய பொருள்களைத் தேடிச் சேர்த்து வைப்பவரையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிக்கிறார்கள். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவன் சற்றே அயர்ந்துவிட்டால், ஒரு ஜில்லாவின் தலைமை அதிகாரி பழைய விளையாட்டு யந்திரங்களை வாங்கிக் குவித்ததாக எழுதி விடுவான். நானும் ஒருமுறை அப்படி எழுதிவிட்டு, அச்சுக்குப் போகுமுன் திருத்திக்கொண்டேன். இன்று நான் பேசப்போவது இந்த இரண்டாவது வகையினரைப் பற்றி. அவர்களைச் சேகரிப்பாளர்கள் என்று அழைப்போம்.

அமெரிக்காவில் 'பின்பால்' என்று ஒரு யந்திரம் உண்டு. நான்கு கால்களின் மேல் ஒரு நீண்ட பெட்டி. கண்ணாடிக்கு அடியில் சாய்ந்த மரப்பலகை. வில் பொருத்திய கம்பியை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலே பாய்ந்து, மணிகளிலும் விளக்குகளிலும் மோதிக்கொண்டு கீழே உருண்டு வரும். அது பள்ளத்தில் விழுந்துவிடாமல் இரண்டு சிறு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அந்தத் துடுப்புகள் 1947ஆம் ஆண்டில்தான் வந்தன. அதற்கு முன் குண்டு போன போக்கே போக்கு என்பதால் இதைச் சூதாட்டமாகவே கருதினார்கள். நியூயார்க் நகரத்தில் 1942இல் தடை விதித்தார்கள். நகரத் தலைவர் லாகார்டியாவே சம்மட்டியை எடுத்து யந்திரங்களை உடைத்தார். 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர சபையினர் முன்னிலையில், குண்டு இன்ன வழியாகத்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே அனுப்பிக் காட்டினார். இது திறமையின் பாற்பட்டது என்று அதன் பிறகு ஒப்புக்கொண்டார்கள். தடை நீங்கியது.

சிக்காகோ நகரமே இத்தொழிலின் தாயகம். பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியில் ஆடும் வீடியோ ஆட்டங்கள் பெருகவே, பின்பால் நலிந்தது. பெரிய கம்பெனியான வில்லியம்ஸ் 1999இல் இதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மதுக்கடைகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் இருந்த யந்திரங்களைச் சில நூறு டாலருக்குத் தள்ளி விட்டார்கள். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் சாமானை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்த காலம் அது.

இன்றைய நிலைமை வேறு. புதிய யந்திரம், அதுவும் சாதாரண வகை, ஏறத்தாழ 7,000 டாலர்; நம் கணக்கில் 6 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. குறைந்த எண்ணிக்கையில் செய்யும் உயர்ந்த வகைக்கு 13,000 டாலரும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். 1997இல் வில்லியம்ஸ் கம்பெனி சுமார் 4,000 மட்டுமே செய்த 'மெடீவல் மேட்னஸ்' என்ற யந்திரம், பழையதே 10,000 டாலரைத் தாண்டிற்று. 2020இல் பெருந்தொற்று வந்து மக்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது இந்த ஏற்றம் இன்னும் துரிதப்பட்டது.

விலையேற்றம் என்றாலே தீமை என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். இந்த விஷயத்தில் அப்படி ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யந்திரத்துக்குள் இருக்கும் மின்கலம் கசிந்து சுற்றுப்பலகையை அரித்துவிடும், ரப்பர் வளையம் இற்றுப்போகும், கம்பிச்சுருள் எரிந்துபோகும். முந்நூறு டாலர் பெறும் யந்திரத்துக்கு இருநூறு டாலர் செலவழித்துப் பழுது பார்ப்பவர் யார்? குப்பையில்தான் போடுவார்கள். அதே யந்திரம் ஐயாயிரம் பெறும் என்றால், உதிரிப் பாகங்களைப் புதிதாய்ச் செய்து விற்க ஆட்கள் முன்வருகிறார்கள். பழுது பார்க்கும் கை ஒன்றுக்குப் பிழைப்பும் கிடைக்கிறது. 'மெடீவல் மேட்னஸ்' யந்திரத்தையே வேறொரு கம்பெனி மறுபதிப்பாகச் செய்து 2015 முதல் விற்றது. நல்ல நூல் ஒன்று கிடைக்காமற் போனால் மறுபடி அச்சிடுவதில்லையா, அதுபோல.

நஷ்டம் யாருக்கு என்றால், கையில் திறமையும் நெஞ்சில் ஆசையும் உள்ள, பையில் மட்டும் காசில்லாத இளைஞனுக்கு. நாணயம் போட்டுப் பத்துப் பேர் சுற்றி நின்று ஆடியது, ஒரு தனவந்தரின் மாளிகை நிலவறைக்குப் போய்விட்டது. லாஸ் வேகாஸில் பின்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்றொரு கூடம் இருக்கிறது. லாப நோக்கமில்லாமல் நடப்பது. பழைய யந்திரங்களை ஓடும் நிலையில் வைத்து, சில்லறை போட்டு எவரும் ஆடலாம் என்று விட்டிருக்கிறார்கள். அத்தகைய இடங்கள் அங்கும் சிலவே.

பின்பால் யந்திரத்துக்கு விலை ஏறினாலும் அதை ஓட வைத்தால்தான் மதிப்பு. வீடியோ ஆட்டங்களின் கதை இதற்கு நேர் விரோதம். 2021 ஜூலையில் 'சூப்பர் மாரியோ 64' என்ற கேசட் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. 11 கோடி ரூபாய்க்கு மேல். அரிய பொருளோ? அன்று. அந்த ஆட்டம் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஏலம் போன பிரதி, கடையிலிருந்து வந்த உறை கிழியாமல் இருந்தது. அதுதான் அதன் பெருமை. மதிப்பீட்டாளர்கள் அதற்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் கொடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்தார்கள். ஒருவரும் ஆடாததால்தான் அந்த விலை. இனி ஆடினால் விலை போய்விடும். எனக்கு இது விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

காசில்லாதவர் வேறு வழியில் ஆடிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. பழையதைத் தேடித்தான் வாங்க வேண்டும். பழையது விலையேறினால் கதவு மூடியது போலத்தான்.

இதன் சூடு எனக்குத் தெரிந்தது ஒரு நண்பர் மூலமாக. திருச்சிக்காரர், புணேயில் வேலை. 2009இல் அமெரிக்காவில் இருந்தபோது பழைய சாமான் சந்தையில் 20 டாலருக்கு 'எர்த்பவுண்ட்' என்ற கேசட்டை வாங்கி வந்தார். 1995இல் அமெரிக்காவில் வெளிவந்து, அதிகம் விலை போகாத ஆட்டம் அது. ஆகவே பிரதிகள் குறைவு. இன்று வெறும் கேசட்டே 200, 300 டாலருக்குப் போகிறது. இது தெரிந்த நாளன்று, ஆடிக்கொண்டிருந்த மகளின் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சந்தா கட்டி ஆடும் ஏற்பாடு ஒன்று 2022 முதல் இருக்கிறது. சந்தா நின்றால் ஆட்டமும் நின்றுவிடும்.

அந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம். ஊரைவிட்டு வெகுதூரம் நடந்து செல்லும் சிறுவன் ஒருவனின் கதை. ஆடியவரையில் பதிந்து வைக்க வேண்டுமானால் அவன் தன் தகப்பனாருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். நெடுநாள் பேசாதிருந்தால் வீட்டு நினைவு வந்து சோர்ந்து போவான். தாயோடு பேசினால்தான் தெளிவான். கரோல்பாகிலும் மாட்டுங்காவிலும் இருந்துகொண்டு ஞாயிறுதோறும் ஊருக்குப் பேசும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதிவு நிற்பதற்குக் கேசட்டுக்குள் ஒரு சிறு வட்ட மின்கலம் இருக்கிறது. முப்பது ஆண்டில் அது செத்துவிட்டது. பிரித்துப் பற்றவைத்தால் ஆட்டம் பிழைக்கும். பிரித்ததென்று தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பாரோ என்று நண்பருக்குப் பயம். "என்ன சார் செய்யட்டும்?" என்று என்னைக் கேட்டார். "விற்கப் போகிறீரா?" என்றேன். "இல்லை" என்றார். "பிறகென்ன?" என்றேன். நெடுநேரம் பேசாமலிருந்தார்.

சென்ற தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். 110 வோல்ட் மின்மாற்றி கூடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. படிப்பறையில் தகப்பனார் இருக்க, மகள் திரையில் இருந்த தகப்பனாருக்குத் தொலைபேசியில் பேசி அன்றைய ஆட்டத்தைப் பதிந்துகொண்டிருந்தாள். புதிய மின்கலம் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு வரும் என்று பழுது பார்த்தவர் சொன்னாராம்.