படத்தில் பதிந்த முகம்



ஜூன் மாதம் திருஇருதய மாதம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் கத்தோலிக்கர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது திருஇருதய ஆண்டவர் படம்தான். இப்படங்களில் பலவற்றுக்கு முன்மாதிரி, 1767-இல் பொம்பேயோ பத்தோனி என்ற ஓவியர் செப்புத் தகட்டில் தீட்டிய சிறிய ஓவியம். அது இன்றும் உரோமையில், இயேசு சபையாரின் தாய் ஆலயத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் முகம் நம் ஓட்டு வீட்டுச் சுவருக்கு எப்படி வந்தது? அச்சு வழியாகத்தான்.

19-ஆம் நூற்றாண்டில் இத்தகைய வண்ணப் படங்களைக் கல்லில் அச்சடித்தார்கள். 1796 வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. அதற்கு உதவியது சுண்ணாம்புக்கல். நம் அரியலூரிலிருந்து சிமெண்ட் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிறதே, அதே இனம்தான். ஆனால் இன்னும் நயமான கல். வழவழப்பாகத் தேய்த்த கல்லில் கொழுப்பு கலந்த மையால் படம் வரைவார்கள். பிறகு கல்லை நீரால் நனைத்து, மை உருளையை ஓட்டுவார்கள். ஈரமான இடத்தில் மை ஒட்டாது. கொழுப்பு பட்ட இடத்தில் மட்டுமே பிடிக்கும். தாளை வைத்து அழுத்தினால் முகம் பதியும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். இன்று சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஆஃப்செட் இயந்திரமும் எண்ணெயும் நீரும் சேராது என்ற அதே விதியில்தான் ஓடுகிறது.

எபிரேயர் திருமடலின் முதல் அதிகாரம், இறைமகனைத் தந்தையின் இயல்பைக் காட்டும் அச்சுப் பதிவு என்கிறது. தந்தையின் முகம் மகனில் பதிந்திருக்கிறது. மகனின் முகம் யாரில் பதிய வேண்டும்? நம்மில்தான்.

787-இல் கூடிய நீசேயா பொதுச்சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் இருப்பவரையே சேரும் என்று கற்பித்தது. அப்படியானால் ஒரு கேள்வி. வரப்புத் தகராறில் பல ஆண்டாகப் பேசாதிருக்கும் அண்ணன் வீட்டிலும் இந்தப் படம் இருக்கிறது. தம்பி வீட்டிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே அச்சகத்தில் அடித்ததாகக்கூட இருக்கலாம். இரு வீட்டிலும் மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொல்கிறார்கள். தாளில் பதிந்த முகம் நெஞ்சில் ஏன் பதியவில்லை? நீர் ஊறிய கல்லில் மை ஒட்டாதது போல, வன்மம் ஊறிய நெஞ்சில் ஆண்டவர் முகம் ஒட்டுவதில்லை.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் அவரே. ஆகவே அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் படத்துக்குப் பூமாலை வாங்கும் முன், நீங்கள் மிதிக்காமல் விட்ட அந்த வாசலுக்குப் போங்கள். முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே ஆண்டவர் அங்கேயும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.