ஒலிபெருக்கியும் விரியலாக்கியும்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் வாராதொழிந்தது. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. அக்காலத்திலே துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, அதன் டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வீட்டார் சூழ்ந்திருந்து வானொலிச் செய்தி கேட்டனர். பாட்டுக் கேட்ட இளைஞரும் உளர். கை ஓய்ந்தவிடத்துப் பாட்டும் ஓய்ந்தது. அத்தகைய டைனமோ தரவல்ல வலு பெரும்பாலும் 3 உவாற்று மாத்திரமே. அதிலும் ஒரு சிறு பங்கே ஒலிபெருக்கியைச் சென்றடைந்தது. எனினும் செய்தி அறை முழுவதும் தெளிவாகக் கேட்டது.

அதே ஊர்களிலே இன்று, பிறநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக்கொண்டு, 200 உவாற்று என எழுதப்பட்ட விரியலாக்கியைத் தேடி வாங்குவோர் உளர். வழக்கிலே அம்பிளிபயர் எனப்படுவது இதுவே. உவாற்று மிகுந்தால் இசை சிறக்கும் என்பது அவர்தம் துணிபு. டைனமோ சுழற்றிய கைகள் அறிந்திருந்த உண்மையை இத்துணை விரைவில் மறந்தது வியப்பே.

ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் உணர்திறன் என்று ஓரளவு உண்டு. 1 உவாற்று வலுவைக் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பதே அது. இருவர் அமைதியாக உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல். வீட்டு ஒலிபெருக்கிகளோ ஒரே உவாற்றில் 82 முதல் 90 டெசிபெலுக்கு மேலும் ஒலிக்க வல்லன. ஆயின் ஒலியை 3 டெசிபெல் உயர்த்த வலுவை இருமடங்காக்கல் வேண்டும்; 10 டெசிபெல் உயர்த்தப் பத்து மடங்காக்கல் வேண்டும். 100 உவாற்றுக்கும் 200 உவாற்றுக்கும் இடையே, விலையில் எத்துணை வேறுபாடு இருப்பினும், செவிக்குத் தோன்றும் வேறுபாடு அந்த 3 டெசிபெலேயாம்.

புகழ்பெற்ற இரண்டினை ஒப்பிட்டால் இது விளங்கும். அமெரிக்கராகிய போல் கிளிப்ஷ் 1946இல் வெளியிட்ட கிளிப்ஷ்ஹோர்ண், அறையின் மூலையில் வைப்பதற்கென அமைந்த பெரிய கொம்புப் பெட்டி. திருவிழாக் காலத்திற் பனைமரத்திற் கட்டப்படும் கூம்புக்கு அது ஒருவகையில் உறவினம். அதன் உணர்திறன் 105 டெசிபெல் எனத் தயாரிப்பாளர் குறிப்பர். பிபிசி நிறுவனம் 1970களில் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டியோ ஏறத்தாழ 83 டெசிபெல் உடையது. 1 மீற்றரில் 100 டெசிபெல் வேண்டுமெனின் முன்னதற்கு ஓர் உவாற்றிலும் குறைவு போதும். பின்னதற்கு 50 உவாற்று வேண்டும். அச்சிறு பெட்டி அத்துணை வலுவை நெடுநேரம் தாங்குதற்கு அமைந்ததன்று. ஆயினும் மனிதக் குரலை அது தரும் இயல்பை மெச்சாதார் சிலரே. ஆகவே ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பது பொருந்தாது.

100 டெசிபெல் எதற்கு என வினவலாம். தவிலுக்கு. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்புப் பதிவுகளைப் போற்றி வைத்திருக்கும் வீடுகள் குடாநாட்டிற் பல. வலந்தலையிலே கூடணிந்த விரல்கள் விழும் கணத்தில் ஒலி திடீரென எழும். தொப்பியிலே கழி வீழும்போது தாழ்ந்த நாதம் பரவும். சராசரி ஒலியிலும் இந்த உச்சங்கள் 10 டெசிபெலுக்கு மேல் உயர்தல் இயல்பு. அவ்வேளையிற் பத்து மடங்குக்கு மேற்பட்ட வலு ஒரு கணத்திற்குத் தேவையாகும். விரியலாக்கி அதனைத் தர இயலாவிடின் அலையின் உச்சி வெட்டுண்டு, அடி மழுங்கிக் கரகரக்கும். அந்நிலை நீடிப்பின் உயர்ந்த ஒலியைத் தரும் சிறு ஒலிபெருக்கி எரிந்துபோகவுங்கூடும். தவிலைத் தவில்போலவே கேட்க விரும்பும் வீட்டுக்கு, 83 டெசிபெல் பெட்டியும் பெரிய விரியலாக்கியும் வாங்குவதினும், 92 டெசிபெல் பெட்டியும் 20 அல்லது 30 உவாற்று விரியலாக்கியும் வாங்குவதே தக்கது.

வலு ஒத்தமை மட்டும் போதாது. தடங்கலும் ஒத்திருத்தல் வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் 8 ஓம் என்றிருப்பது பெயரளவே. மீடிறனுக்கு ஏற்ப அது ஏறியிறங்கும். இங்கிலாந்திற் பீற்றர் வோக்கர் வகுத்து 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கி இதற்குச் சிறந்த சான்று. மிக உயர்ந்த மீடிறன்களில் அதன் தடங்கல் 2 ஓம் அளவுக்குத் தாழும். அதற்கெனவே பொருந்திய குவாட் 2 என்னும் வால்வு விரியலாக்கி 15 உவாற்று மாத்திரமே உடையது. பின்னாளில் வலுமிக்க திரான்சிஸ்டர் விரியலாக்கிகளை அதனுடன் இணைத்தோர் சிலர், தகடுகளுக்கிடையே மின்பொறி பாய்ந்து ஒலிபெருக்கியையே இழந்தனர். வால்வு விரியலாக்கி வைத்திருப்போர் 4, 8, 16 ஓம் என்ற முனைகளுள் உரியதிலே கம்பியைப் பூட்டல் வேண்டும். திரான்சிஸ்டர் விரியலாக்கியாயின், 8 ஓமில் தரும் வலுவை 4 ஓமில் ஏறக்குறைய இருமடங்காகத் தருகின்றதா என்று பார்த்தல் நன்று.

இனி அறை. யாழ்ப்பாணத்து வீடுகளிற் சீமெந்துத் தரையும் சாந்து பூசிய சுவரும் ஒலியை விழுங்கா; திருப்பியே அனுப்பும். நாற்சார் வீட்டின் திறந்த முற்றம் ஒலியின் ஒருபகுதியை வானுக்கு விட்டுவிடுதலால், அங்குள்ள தாழ்வாரம் மூடிய விறாந்தையினும் இசைக்கு உகந்தது. மற்றை வீடுகளிலே தரையில் ஒரு தடித்த விரிப்பும், பின்சுவரிலே நூல் நிறைந்த அலுமாரியும் செய்யும் உதவியை ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள கம்பிகள் செய்யமாட்டா. பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் தாழ்ந்த ஒலி பருக்கும். ஓரிரண்டு அடி முன்னே இழுத்தாற் சீர்படும்.

வாங்க எண்ணுவோர், பழகிய தவிற் பதிவொன்றையும் பழகிய குரலொன்றையும் உடன்கொண்டு சென்று, முதலில் ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்டல் வேண்டும். பழைய பெட்டியாயின் முன்மறைப்பைக் கழற்றிக் கூம்பின் விளிம்பையும் மெல்லத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அது நுரைப்பஞ்சாயின் நம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சில ஆண்டுகளில் உதிரத் தொடங்கும். இறப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும்.